டச்சுபேயில் பேசிய டீச்சரக்காவுக்கு

போன விடுமுறையில் திருகோணமலை டச்சுபே கடற்கரையில் என் மகனோடு சேர்ந்து மண் தோண்டிய அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்குக் காட்டுங்கள். மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் துருதுருவென்று இருக்கிற நிலை, கூடவே வாசிப்புச் சிக்கல். பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வந்து, கடைசியில் போவதையே நிறுத்திவிட்டான். குழப்படி, வளர்ப்புச் சரியில்லை என்று சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்! இது மூளை வளர்ச்சியோடு வருகிற விஷயம், அடித்துத் திருத்த முடியாது என்று அவனுடைய அப்பம்மா முன்னாலேயே சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. முதலில் இடைவேளை வரைக்கும் மட்டும் அனுப்புங்கள், முன்வரிசையில் ஜன்னலுக்குத் தள்ளி இருத்தச் சொல்லுங்கள், கொப்பியில் செய்கிற கணக்கை விட்டு மற்றதை மட்டையால் மறையுங்கள், நடுவில் வெண்கட்டி எடுக்க அனுப்பினால் எழும்பி நடந்த மாதிரியும் இருக்கும் என்றீர்கள். வகுப்பாசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் தந்தீர்கள். அவரும் சம்மதித்தார். இப்போது முழுநாளும் இருக்கிறான். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான், ஆனால் நேற்று பள்ளிக்கூடச் சப்பாத்துக்குத் தானாகவே வெள்ளை பூசினான். உவர்மலைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்கோ அக்கா, பிளேன்டீயாவது குடிப்பம்.