சிறைக்குச் செல்லும் சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு மேற்பார்வை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பகுதி நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காவலில் இருப்பவருக்கும் சிறார் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். அதன்படி வழக்கறிஞர்கள் சிறைக்குப் போய்வருகிறார்கள். அங்கே அவர்கள் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பூட்டிக் கிடந்த நகரத்தார் வீடு ஒன்றில் பித்தளைச் சாமான்களைத் திருடியதாக ஒரு பையன் பிடிபட்டான். காவல்துறைத் தாளில் வயது பத்தொன்பது என்றிருந்தது. கிளைச் சிறையில் அவனைச் சந்தித்த சட்ட உதவி வழக்கறிஞர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்; வயதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வந்த அவன் தாய், நான்காக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்த பள்ளி மாற்றுச் சான்றிதழை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, இது எதற்காவது ஆகுமா ஐயா என்று என் மேசையில் வைத்தார். பிறந்த தேதியைக் கணக்கிட்டால் பதினாறு வயது முடிந்து நான்கே மாதம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஓர் இரவுகூடச் சிறையில் இருந்திருக்கக் கூடாத பிள்ளை, பெரியவர்களோடு பதினொரு நாள் இருந்துவிட்டான். அந்த வழக்கறிஞர் பொறுப்பற்றவர் அல்லர். பள்ளிச் சான்றிதழ் உண்டா என்று முதலில் கேட்க அவருக்கு யாரும் பழக்கவில்லை. கேட்காமல் விட்டதைப் பிறகு யாரும் எடுத்துச் சொல்லவுமில்லை.

சட்ட உதவியைக் கண்காணிக்க, தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு குழுவை வைக்கச் சொல்கின்றன. ஆனால், அது நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கின் போக்கைப் பார்ப்பதற்கானது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரான நீதிபதிக்கோ மக்கள் நீதிமன்றம், முகாம் என்று வேலை நிறைந்து கிடக்கிறது.

அமெரிக்காவில், சிறைகளிலும் சிறார் இல்லங்களிலும் உரிமை மீறல் தொடர்ந்தால் மத்திய அரசே மாநிலத்தின் மீது வழக்குத் தொடுக்க 1980இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். வழக்குக்கு 49 நாட்கள் முன்பே குறைகளை ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இதற்கென்று அங்கே நீதித் துறையில் தனி அலகும், அதன் வழக்கறிஞர்களை மேற்பார்வையிடும் மூத்த வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். நம் சட்ட அமைப்பு வேறுதான் என்றாலும், இந்த மேற்பார்வைப் பதவி நமக்கும் பொருந்தும்.

மாவட்டந்தோறும் முழுநேர மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசு இதற்காக நியமிக்க வேண்டும். இளைய வழக்கறிஞர்களோடு அவரும் சிறைக்கும், விசாரணையில் இருக்கும் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் செல்ல வேண்டும். அவர்கள் எழுதிவரும் குறிப்புகளை அந்த வாரமே படித்துத் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் விசாரணையை முடிக்கச் சட்டம் தந்துள்ள நான்கு மாதம் எந்தப் பிள்ளைக்குக் கடந்துவிட்டது என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். வருபவர் முதல் நாளன்று, கிளைச் சிறைப் பதிவேட்டில் வயது 18, 19 என்று எழுதப்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
தேவகோட்டை.