நடைபாதையை உணவகங்களிடமிருந்து மீட்டுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மாலையானால் பெரிய உணவகங்களின் வாசலில் நடைபாதை முழுவதும் கார்கள் ஏறி நிற்பது தாங்கள் அறியாதது அல்ல. தங்கள் ரோந்து வாகனங்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. எனவே சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் அம்மா, வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். பல மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர், வெளியே போய் ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அழைத்துப் போனேன். உணவகத்தின் முன்னால் நடைபாதையே தெரியவில்லை. கார்கள் சுவரை ஒட்டி ஏறி நிற்க, அவற்றின் பின்பாதி சாலைக்குள் நீண்டிருந்தது. விசிலும் கையுமாக நின்ற காவலாளி, ஓடுகிற சாலையிலேயே அம்மாவை இறக்கிவிடச் சொன்னார். வேறு இடமும் இல்லை. இரண்டு கார்களுக்கு நடுவே அம்மா வாக்கரை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் நுழையவில்லை. பின்னால் டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் கை நடுங்கத் தொடங்கியது. "வேண்டாம்ப்பா, வீட்டுக்கே போய்விடலாம்" என்றார். சாப்பிடாமலே திரும்பினோம்.

அந்தக் கட்டடத்துக்குத் தரைக்குக் கீழே ஒரு தளம் உண்டு. அங்கே இப்போது பிறந்தநாள் விருந்துகள் நடக்கின்றன. புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்த எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 தெளிவாகவே சொல்கின்றன. அந்தத் தளம் எதற்கென்று காட்டி அனுமதி வாங்கப்பட்டது? வரைபடம் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும். தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

இடையூறில்லாத நடைபாதை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலப்படுத்தி நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே செய்ய முடிந்ததை இங்கே ஏன் தொடங்கக்கூட இல்லை?

சாலையோரம் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற ஒரு பெண்ணை விரட்ட மட்டும் லாரியோடு வருகிறீர்கள். அவருடைய அடுப்பு மறித்தது நான்கடி இடம். பணம் படைத்தவர்கள் தெருவையே மறித்தாலும் யாரும் கேட்பதில்லை. இது அநியாயம்.

இப்போது கேட்பது ஒன்றுதான்: உணவகங்களின் முன்னால் உள்ள நடைபாதையை மீட்டுத் தாருங்கள். அங்கே நிற்கும் கார்களுக்கு அபராதம் விதிப்பதோடு நின்றுவிடாமல், நிறுத்துமிடத்தை வேறு தொழிலுக்குப் பயன்படுத்தும் உரிமையாளருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். வார இறுதி மாலைகளில், கூட்டம் நெரியும் நேரத்தில், தாங்களே நேரில் வந்து பார்வையிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நகரவாசி ஒருவர்