இரும்பும் பேசும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே நைஜீரியாவில், எனுகுவில் எல்லோரும் நலம், மழை தொடங்கிவிட்டது. முருகேசன் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு நீயே எனக்கும் சேர்த்துப் போய் நில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோல் வாத்தியம்தான் பேசும், இரும்பு சும்மா சத்தம் போடும் என்பாயே, அது தப்பு. அவ்காவுக்குப் போய்வந்தேன். இங்குள்ள இக்போ இனக் கொல்லர்களின் பழைய ஊர். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மண்வெட்டியும் கத்தியும் மணியும் அடித்துக் கொடுத்தவர்கள். அங்கே ஒரு பட்டறையில் ஓகெனே என்ற இரும்பு மணி செய்வதைப் பார்த்தேன். இரும்புத் தகட்டை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் அடித்துக் குழித்து, விளிம்போடு விளிம்பு சேர்க்கிறார்கள். வாய் நீள்வட்டமாக இருக்கும், உள்ளே நாக்கு கிடையாது. மரக்குச்சியால் வெளியே தட்டவேண்டும். வாயைத் தொடையில் அழுத்தினால் ஓசை மூடிக்கொள்ளும்.

இரட்டை மணியில்தான் சூட்சுமம். ஒரே பிடியில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரியது கீழ் ஸ்வரம், சிறியது மேல் ஸ்வரம். இக்போ மொழியில் சொல்லை ஏற்றுவதா இறக்குவதா என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு மணியும் அப்படியே பிடித்துக்கொள்கின்றன! பெரியவர் நாலு தட்டு தட்டினார். வாசலில் நின்ற பையன்கள் அதை வாக்கியமாகவே சொன்னார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது, செல்வம். ஊர்க்கூட்டத்துக்குச் சாற்றுபவரும் முதலில் இதைத்தான் தட்டுகிறார்.

இரும்பு இவர்களுக்குப் புதிதல்ல. ந்சுக்கா பக்கம் லெஜ்ஜாவில் பழைய உலைகளின் கசடு ஊர்ப் பொதுவிடத்தில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. இக்போ-உக்வு என்ற ஊரில் 1959-ல் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா தோண்டி எடுத்த வெண்கலப் பொருட்கள் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றிலும் மணிகள் உண்டு.

ஒரு காலத்தில் பாதிரிமார் பேய்வழிபாடு என்று ஒதுக்கிய ஓகெனே இன்று தேவாலயப் பாடலிலேயே ஒலிக்கிறது. கல்யாணங்களில் இளவட்டங்கள் இதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். எனக்கு ஒரே கவலை வெல்டிங்தான். பல பட்டறைகளில் அதுதான் நடக்கிறது. அடித்துச் சேர்த்ததையும் பற்றவைத்ததையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தேன். பற்றவைத்ததில் அந்த நீண்ட ரீங்காரம் இல்லை.

உனக்காக அடித்துச் சேர்த்ததே ஒன்று வாங்கிவிட்டேன். டிசம்பரில் கொண்டுவருகிறேன். தவில் குச்சியால் தட்டாதே, இதற்கென்று ஒரு குச்சியும் தந்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ரவி