டேப்பட் சத்தம் நின்னுட்டா வண்டி சரியாயிடுச்சுன்னு நம்பாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு அல்சூர்ல இருக்கேன், பூ வியாபாரம். தெனமும் விடியக்காலைல 4 மணிக்கு கே.ஆர். மார்க்கெட் போயி, ஓசூர் பக்கம் இருந்து வர்ற சாமந்தி ரோஜா மூட்டைய 100 சிசி வண்டில கட்டிக்கிட்டு வந்து அம்மா கடைல எறக்கணும், வண்டி நின்னா அன்னிக்கு கடையும் இல்ல. என்னை மாதிரி வண்டிய நம்பி பொழைக்கறவங்க இந்த ஊர்ல நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

போன வருஷம் இன்ஜின் மேல்பக்கம் டக் டக்னு சத்தம் வந்துச்சு. ஒரு மெக்கானிக் கிட்ட காட்டுனேன், டேப்பட், அதாவது இன்ஜினுக்குள்ள காத்து வர, புகை வெளிய போக தொறந்து மூடற வால்வோட கேப்பு, லூஸ்னு சொல்லி, ஓடி வந்த சூடு கூட ஆறாம அஞ்சே நிமிஷத்துல டைட் வெச்சு குடுத்துட்டாரு. சத்தமே இல்ல, எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டு மாசத்துல பிரச்சன ஆரம்பிச்சுது. காலைல ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும், திரும்பி வரும்போது சிக்னல் சிக்னலா நின்னு சூடாச்சுன்னா ஐட்லிங் நிக்காது, ஆஃப் ஆனா திரும்ப ஸ்டார்ட் ஆகாது, கிக்கர அமுக்குனா எதிர்ப்பே இல்லாம பொசுக்னு கீழ போகும், மேட்டுல பிக்கப்பும் இல்ல. இன்னொரு கடைல காட்டுனா, ஒண்ணையும் கழட்டிப் பாக்காம பிளாக் பிஸ்டன் போச்சு, 7,500 ஆகும்னாங்க.

அவ்வளவு பணம் கையில இல்ல. சிவாஜிநகர்ல வயசான பாய் ஒருத்தர்கிட்ட போனேன். அவர் பிளக்க கழட்டி அந்த ஓட்டைல ஒரு மீட்டர மாட்டி, ஆக்ஸிலேட்டர முழுசா முறுக்கிப் புடிக்கச் சொல்லி கிக்கர உதைச்சாரு, கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காத்த அமுக்கற அழுத்தம், கம்மி. அப்புறம் அதே ஓட்டைல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி திரும்ப பாத்தாரு, ஏறல. பிஸ்டன சுத்தி இருக்கற ரிங் தேஞ்சிருந்தா அந்த ஆயில் இடுக்க அடைச்சு அளவு ஏறியிருக்கும் தம்பி, ஏறலன்னா காத்து மேல ஹெட்டுல போகுது, ஒண்ணு வால்வு, இல்லன்னா ஹெட் பேக்கிங்னாரு. அதுக்கு மேல பிஸ்டன கம்ப்ரெஷன்ல உச்சிக்கு கொண்டு வந்து நிறுத்தி பிளக் ஓட்டை வழியா காத்து விட்டாரு. சைலன்சர் வாய்ல உஸ்ஸுனு கேட்டுச்சு, கைய வெச்சா காத்து படுது. புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வுதான் கசியுது. கார்புரேட்டர் பக்கம் கேட்டிருந்தா இன்டேக் வால்வு, ஆயில் ஊத்தற மூடி பக்கம் கேட்டிருந்தா ரிங். இதுக்கெல்லாம் ஒரு அரை மணி நேரம் கூட ஆகல.

ஹெட்ட கழட்டுனா எக்ஸாஸ்ட் வால்வோட ஓரம் கருகி ஒரு பக்கம் தின்னு போயிருந்துச்சு. காரணமும் அவரே சொன்னாரு. வால்வ அமுக்கித் தொறக்கற ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல இருக்கற கேப்பு சின்ன வண்டில ஒரு காகிதத்தோட கனம் அளவுதான். சூட்டுல வால்வு நீளும், கேப்பே இல்லன்னா அது முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வோட சூடு முக்கால்வாசி அது மூடி சீட்டுல உக்காரும்போதுதான் ஹெட்டுக்கு எறங்கும், உக்காரலன்னா எரியற வாயு அந்த சந்து வழியா போயி ஓரத்த அரிச்சுடும். யாரும் டைட் வெக்கலன்னாலும் ஓட ஓட வால்வும் சீட்டும் தேஞ்சு வால்வு உள்ள போகும்போது கேப்பு தானாவே கொறையும், சத்தமும் அடங்கும். நாம என்னடான்னா வண்டி நல்லா ஸ்மூத்தா ஓடுதுன்னு நெனச்சுக்கறோம்! இது எனக்கு இத்தன வருஷம் தெரியாது.

ஜே.சி. ரோடுல வால்வு, சீல், பேக்கிங் நானே வாங்கிட்டு வந்தேன், அவரு பேஸ்ட் போட்டு வால்வ சீட்டுல தேச்சு உக்கார வெச்சு, வால்வுக்குப் பின்னால இருக்கற வழில (போர்ட்ல) பெட்ரோல் ஊத்தி கசியலன்னு காட்டிட்டுதான் மாட்டுனாரு. மொத்தம் 1,900 ஆச்சு. பிளாக் பிஸ்டன் மாத்தியிருந்தா அந்த வால்வு அப்படியேதான் கெடந்திருக்கும்.

மெக்கானிக் அண்ணங்க எல்லாரையும் நான் குத்தம் சொல்லல. ஆனா இன்ஜின பிரிக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் எவ்வளவு, ஆயில் ஊத்துனப்பறம் எவ்வளவுன்னு ரெண்டு நம்பர் பில்லுல எழுதிக் குடுங்க. டேப்பட்ட இன்ஜின் நல்லா ஆறினப்பறம் ஃபீலர் கேஜ் (கேப்பு அளக்கற மெல்லிசு தகடு) விட்டு, அந்த வண்டி மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு வைங்க, காதுல கேட்டு வெக்காதீங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டி காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை விட்டா மொதல்ல வால்வு சீல பாருங்க, உடனே பிளாக்க கடைஞ்சு போர் பண்ணணும்னு சொல்லாதீங்க. ஓட்டறவங்களும் இதையெல்லாம் வாய் விட்டு கேக்கணும்.

உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒரு கால் பக்கம் வண்டி பராமரிப்பு பத்தி போட்டா டெலிவரி பசங்க, பால்காரங்க, எங்கள மாதிரி மார்க்கெட் ஆளுங்க எல்லாம் கட்டாயம் படிப்போம் ஐயா. யோசிச்சுப் பாருங்க.

இப்படிக்கு,
பூ வியாபாரி,
அல்சூர், பெங்களூரு