ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணில் படுகிறவர்கள்: திருப்பூர் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் மாநகராட்சியின் மேயர், ஆணையர், 60 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். சில பவர் டேபிள்களை, அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்களை வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறிய யூனிட் நடத்துகிறேன். வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நம் ஊரில் பேச்சு எழுந்தாலே அது போலீஸ் சமாச்சாரமாகவோ கம்பெனிச் சமாச்சாரமாகவோ முடிந்துவிடுகிறது. ஆதார் நகல் வாங்கினாயா, எத்தனை பேர் வைத்திருக்கிறாய், ஹோலிக்குப் போனவன் திரும்பினானா என்பதோடு சரி. தண்ணீர், சாக்கடை, பள்ளிக்கூடம், தடுப்பூசி என்று மாநகராட்சி பேச வேண்டிய பேச்சாக அது மாறுவதே இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே குடும்பத்தோடு தங்கி வாழ வேண்டும் என்று இந்த மாநகராட்சி வெளிப்படையாக விரும்ப வேண்டும். விரும்பினால் அதற்கான வேலைகளையும் செய்ய வேண்டும்.

இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியை விட்டுவிட்டு வந்த கொங்கு விவசாயிகள் பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு கூட்டுச் சேர்ந்து முதலாளி ஆனார்கள். 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, 80-களில் ஆர்டர் குவிந்தபோது உள்ளூர்க் கைகள் போதவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர்தான். தெக்கத்திக்காரனுக்கு வீடு இல்லை என்று சொன்ன வீதிகள் இருந்தன என்பார். ஆனாலும் அவர்கள் தங்கினார்கள். லைன் வீட்டில் பிள்ளை பெற்று, மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்து, கைமடி என்கிற உதவியாள் வேலையிலிருந்து டெய்லராகி, டெய்லரிலிருந்து காண்ட்ராக்டராகி, ஊரோரத்தில் இரண்டு சென்ட் வாங்கி வீடு கட்டினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று இந்த ஊரின் வியாபாரிகள், ஆசிரியர்கள், உங்கள் வாக்காளர்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊராகத் திருப்பூர் ஆனதற்கு, வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கியது ஒரு பெரிய காரணம்.

இப்போது வருகிறவர்களோ தங்குவதில்லை. தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார்கள், சில மாதங்களில் அதே ரயிலில் ஏறுகிறார்கள். இதனால் என்ன நஷ்டம் என்பதை என் மேஜையிலிருந்தே சொல்கிறேன். புதிதாக வந்த பையனை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார வைத்தால் முதலில் துணி ஓடும், தோள்பட்டைத் தையல் வளையும். கழுத்து ரிப் இழுபடாமல் வைக்கக் கை பழக மாதங்கள் ஆகும். பழகி, பீஸ் வேகமாக இறங்கத் தொடங்கும்போது அவன் ஊருக்குப் போவான். பாதிப் பேர் திரும்புவதில்லை. மறுபடி ஏஜெண்டுக்குக் கமிஷன், மறுபடி புதுக் கை, மறுபடி செக்கிங்கில் குவியும் ஆல்டர், அதாவது பிரித்துத் தைக்க வேண்டிய பீஸ்கள். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்த ஆர்டரின் லாபமும் அதோடு போகும். தொழில்திறமை என்பது மெஷினில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. ஆள் தங்காத ஊரில் அது சேராது.

2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழுவே இங்கு வந்து விசாரித்தது. ஆனாலும் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் நின்றது. என் வீதியில் நான் கண்டதைச் சொல்கிறேன். கம்பெனி ஹாஸ்டலில் பத்துப் பேராகப் படுத்துக்கொண்டு, ஊரோடு ஒட்டே இல்லாமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த பையன்கள்தான் முதலில் கிளம்பினார்கள். மனைவி மக்களோடு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்கள் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார்கள், அவர் அப்படி ஒன்றும் இல்லை என்றார், நம்பினார்கள். எத்தனை மறுப்பறிக்கை வெளியிட்டாலும் அந்த நம்பிக்கையை அந்த வாரத்தில் உண்டாக்கியிருக்க முடியாது.

இவர்கள் வந்ததால்தான் நம் கூலி ஏறவில்லை என்று நம் தொழிலாளர்கள் சொல்வதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்க ஆள் கிடைக்கும்போது எட்டு மணி நேரம் கேட்பவரின் குரல் அமுங்கத்தான் செய்யும். ஆனால் அவர்கள் ஏன் அப்படி நிற்கிறார்கள்? ஏஜெண்டிடம் முன்பணம், கம்பெனி இடத்தில் படுக்கை, வேலையை விட்டால் அன்றிரவே தெரு. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. அத்தனை நாள் தாக்குப்பிடித்தவர்களுக்கு இங்கே வீடும், கடன் கொடுக்கும் மளிகைக் கடையும், சங்கமும் இருந்தன. வந்தவருக்கும் அந்த வேர் கிடைத்தால் அவரும் கூலி கேட்பார், சங்கத்தில் சேருவார், தொழிற்சங்கங்கள் போடும் சம்பள ஒப்பந்தம் அவருக்கும் பொருந்தும். ஒரு யூனிட் நடத்துகிறவனாக இதைச் சொல்வது எனக்குச் செலவுதான். ஆனாலும் அதுவே நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் நிலையத்திலிருந்து காதர்பேட்டை வரை நடந்து பாருங்கள். சனிக்கிழமைச் சம்பளம் அங்கே கைமாறுகிறது. முருகம்பாளையத்தில் எங்கள் வீதி மளிகைக் கடை அக்கா இப்போது கடுகு எண்ணெயும் வறுகடலை மாவும் பொரி மூட்டையும் வைத்திருக்கிறார். வெள்ளரிப்பிஞ்சு அளவில் வரியோடிய பர்வல் காய் ஞாயிறு மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ராயபுரத்தில் தங்கி நம்முடைய மிச்ச சரக்கையும் செகண்ட்ஸ் என்று கழித்த குறையுள்ள துணிகளையும் வாங்கி ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கு அனுப்பிய நைஜீரிய வியாபாரிகளையும் இங்கே நினைக்கிறேன். நாம் கழித்துக் கட்டிய துணிக்கு விலை கண்டவர்கள் அவர்கள். ஒரு புது மொழி ஊருக்குள் வந்தால் கூடவே ஒரு புதுச் சந்தையும் வருகிறது. இதை நம் கடைக்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் இந்தியில் விலை சொல்கிறார்.

நகர்ப்புற நலவாழ்வு மையம் ஒன்றில் நான் கண்ட ஒரு காட்சி. ஒடியா பேசும் கர்ப்பிணிப் பெண். அவருக்கு மொழிபெயர்த்தது அவருடைய மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி. நர்ஸ் பொறுமையாகக் கேட்டார்: கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது? முந்தைய பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்ததா? சிறுமி தமிழில் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வியை மட்டும் அம்மாவிடம் கேட்கத் தெரியாமல் தலைகுனிந்து நின்றாள். நர்ஸ் சைகையில் கேட்டு முடித்தார். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பிக்மி பதிவு எண் கிடைத்துவிட்டது. அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் நாம் இதை ஏற்றி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையைப் போல இரு மொழி பேசும் பெண்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மையத்துக்கு ஒருவரை மதிப்பூதியத்தில் அமர்த்துவது மாநகராட்சியால் முடியாத காரியமா?

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. நம் வகுப்பறைகள் ஏன் காலியாகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த பெஞ்சுகளில் உட்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதிப் பேர் லைன் வீட்டு வாசலில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூரத் மாநகராட்சி ஒடியா, தெலுங்கு, மராத்தி வழியிலும் பள்ளிகள் நடத்துகிறது. நான் அவ்வளவு கேட்கவில்லை, அது நமக்குத் தேவை என்றும் நினைக்கவில்லை. இங்கே வளரும் பிள்ளை தமிழில் படிக்க வேண்டும். ஆனால் தமிழுக்குள் நுழைய ஒரு படிக்கட்டு வேண்டும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்தவர்கள் பள்ளி தொடங்குவதற்கு முன் அவர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலை உணவுக்காக நம் பள்ளிகள் எப்படியும் முன்கூட்டியே திறக்கின்றன. அந்த நேரத்தோடு இதைச் சேர்த்துவிடலாம். சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலிக்கிறீர்கள். அவர்கள் கொடுக்கும் வாடகையிலும் அந்த வரி இருக்கிறது.

வீட்டு விஷயத்தில் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கஞ்சிக்கோட்டில் கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென 'அப்னா கர்' என்ற விடுதியை 2019-ல் திறந்தது. நமக்கு விடுதியைவிடக் குடும்ப வீடுகள்தான் அவசரம். அது வரும்வரை, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் லைன் வீடுகளில் எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்பதையாவது உங்கள் சுகாதார ஆய்வாளர்கள் பார்க்கட்டும்.

2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2011-க்குப் பிறகு இப்போதுதான். ஆறு மாதமாக இங்கே குடியிருப்பவர் திருப்பூரில்தான் எண்ணப்பட வேண்டும். அவர் விடுபட்டால் அவருடைய தண்ணீரும் குப்பையும் இங்கேயே இருக்கும், அதற்கான நிதி மட்டும் வராது. கணக்கெடுப்பாளர் வரும்போது கதவைச் சாத்தாமல் இருக்க இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் துண்டறிக்கை அடியுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இவற்றில் ஒன்றையாவது தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பை எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமென்றால், எங்கள் யூனிட்டின் மாடி ஞாயிறு காலையில் காலியாக இருக்கிறது. மின்விசிறியும் குடிதண்ணீரும் உண்டு. சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முருகம்பாளையத்திலிருந்து ஒரு ஜாப் ஒர்க்காரர்