ஒற்றை நகர ஆட்டத்துக்கும் ஞாயிறு இணைப்பில் ஒரு மூலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சுடோகு, குறுக்கெழுத்து, சதுரங்கப் புதிர் மூன்றும் தவறாமல் வருகின்றன. கணினி விளையாட்டு என்று வந்தால் மட்டும் இரண்டே வகைச் செய்திதான். பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்பது ஒன்று. புதிதாக வந்த விளையாட்டு இன்ன விலை என்பது இன்னொன்று. பத்துப் பதினைந்து வருடப் பழைய விளையாட்டை, தனக்குத்தானே கடுமையான விதி போட்டுக்கொண்டு, யோசித்து யோசித்து ஆடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. சதுரங்கப் புதிருக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு மூலை கேட்டே இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் சதுரங்கத்துக்கே புதிதல்ல. வலுவான ஆட்டக்காரர் தன் குதிரை ஒன்றைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஆடுவது 19-ஆம் நூற்றாண்டில் சாதாரணம். அக்கால அமெரிக்கச் சதுரங்க மேதை பால் மார்ஃபி அப்படி ஆடிய ஆட்டங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கணினியோடு ஆடும்போது இதற்கான தேவை இன்னும் அதிகம். நகரங்கள் அமைத்து ஒரு நாட்டைப் பல யுகங்கள் வளர்க்கும் சிவிலைசேஷன் 5 விளையாட்டில், மிக எளிதான செட்லர் தொடங்கி மிகக் கடினமான டெய்ட்டி வரை 8 கடினநிலைகள் உண்டு. மேலே போகப் போகக் கணினி புத்திசாலியாக ஆவதில்லை. அதற்குத் தரப்படும் சலுகைதான் கூடுகிறது. டெய்ட்டியில் எதிரி முதல் டர்னிலேயே (ஒவ்வொருவரும் ஒருமுறை ஆடுவது ஒரு டர்ன்) கூடுதல் படையோடும் கூடுதல் தொழில்நுட்பங்களோடும் நிற்கும். அந்தச் சலுகையைச் சமாளிக்கும் வழி ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அதற்குப் பிறகு எல்லா ஆட்டமும் ஒரே தடத்தில்தான் ஓடும். நல்ல விதி என்பது எதிரிக்குச் சலுகையைக் கூட்டுவதல்ல, நம் கையிலிருந்து ஒரு கருவியைப் பிடுங்குவது. அப்போதுதான் பழகிய தடம் அடைபட்டு, முதல் டர்னிலிருந்தே யோசிக்க வேண்டி வரும்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அதே சிவிலைசேஷன் 5-இன் ஒற்றை நகரச் சவால். 2010-இல் வந்த விளையாட்டு. நான் சொல்லப்போகும் கணக்கெல்லாம் 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற விரிவாக்கத்தோடு சேர்ந்தது. ஆட்டம் தொடங்குமுன் அட்வான்ஸ்டு செட்டப் திரையில் ‘ஒன் சிட்டி சேலஞ்ச்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும். அதன்பின் இரண்டாவது நகரம் அமைக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு நமக்கு மட்டும்தான். கணினி நாடுகள் இஷ்டம்போல் பரவும்.

கேட்டதும் எல்லாமே நஷ்டம் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. சாதாரண அளவு வரைபடத்தில் ஒவ்வொரு கூடுதல் நகரத்துக்கும் ஆராய்ச்சிச் செலவு 5 சதவீதமும், சமூகக் கொள்கை (நாட்டுக்குப் பலன் தரும் தேர்வு) எடுப்பதற்கான கலாசாரப் புள்ளிச் செலவு 10 சதவீதமும் ஏறும். ஒற்றை நகரத்துக்கு அந்த ஏற்றமே கிடையாது. நேஷனல் காலேஜ் என்ற அறிவியல் கட்டடம் கட்ட எல்லா நகரங்களிலும் நூலகம் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரே நூலகம் கட்டி, ஃபிலாசஃபி என்ற தொழில்நுட்பத்தை ஆராய்ந்து முடித்ததும் தொடங்கிவிடலாம். அது தருவது 3 அறிவியல் புள்ளியோடு 50 சதவீத உயர்வு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், நேஷனல் எபிக், அயர்ன் ஒர்க்ஸ் ஆகிய தேசியக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இதே லாபம்தான். கொள்கைத் தொகுப்புகளில் டிரடிஷனைத் தவிர வேறெதையும் முதலில் எடுக்காதீர்கள். அதிலுள்ள மோனார்க்கி, தலைநகரத்தின் ஒவ்வொரு 2 மக்களுக்கும் 1 தங்கம் தந்து 1 அதிருப்தியைக் குறைக்கும். மக்கள் தொகை 20 என்றால் டர்னுக்கு 10 தங்கம் கூடும், 10 அதிருப்தி குறையும். டிரடிஷனை முழுதாக முடித்தால் வளர்ச்சிக்கு 15 சதவீதம் கூடும். அக்வடக்ட் (நீர்க்கால்வாய்) ஒன்று இலவசமாகவும் கிடைக்கும்.

ஆட்டத்தின் பாதி வெற்றி இடத் தேர்வில் இருக்கிறது. வழக்கமான ஆட்டத்தில் முதல் டர்னிலேயே நகரத்தை அமைத்துவிடச் சொல்வார்கள். இங்கே இரண்டு மூன்று டர்ன் நடந்து தேடினாலும் நஷ்டமில்லை, கடைசிவரை இருக்கப்போவது அந்த ஒரே இடம்தான். ஆற்றங்கரை முதல் தேவை: சிவில் சர்வீஸ் தொழில்நுட்பம் வந்ததும் நன்னீர் அருகிலுள்ள வயல்கள் ஒவ்வொன்றும் 1 உணவு கூடுதலாகத் தரும், கார்டன் கட்டவும் ஆறு உதவும். குன்றின் மேல் அமைத்தால் நடுக்கட்டமே 2 உற்பத்தி தரும், தற்காப்பும் கூடும். ஒட்டினாற்போல் ஒரு மலை இருந்தால் பின்னால் அப்சர்வேட்டரி (வானாய்வுக்கூடம்) கட்டலாம், அது அறிவியலை 50 சதவீதம் கூட்டும். ஆனால் ஒரு மலை போதும். நகரம் பயன்படுத்தக்கூடிய கட்டங்கள் மொத்தமே 36. மலைக் கட்டத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. நாலைந்து மலைகளை உள்ளே இழுத்துக்கொண்டால் அத்தனை வயலை இழந்ததாகவே அர்த்தம்.

கடற்கரைதான் உண்மையான தர்மசங்கடம். சரக்குக் கப்பல் வழித்தடம், தரைவழி வணிக வண்டியான கேரவனைவிட மிக அதிகத் தங்கம் ஈட்டும். அதே கடல் வழியாகத்தான் எதிரியின் ஃபிரிகேட் போர்க்கப்பல்களும் வரும். இரண்டு கட்டம் தள்ளி நின்று சுவரை இடித்து முடித்ததும் நகரைப் பிடிக்கக்கூடிய பிரைவடீர் கப்பல் ஒன்று உள்ளே நுழைந்துவிடும். நமக்கு அந்த நகரம் போனால் ஆட்டமே போச்சு. என் கணிப்பில், கண்டங்களாகப் பிரிந்த வரைபடத்தில் கடற்கரை வேண்டாம். ஒரே பெருநிலமான பாஞ்சியாவில் துணிந்து எடுக்கலாம்.

இனி எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். முதலாவது, கட்டுமான வரிசை ஒன்றே ஒன்றுதான். நாலு நகரம் வைத்திருப்பவர் ஒன்றில் அதிசயம், இன்னொன்றில் படை, மூன்றாவதில் பல்கலைக்கழகம் என்று ஓட்டுவார். இங்கே ஓர் உலக அதிசயத்துக்குக் கைவைத்தால், அத்தனை டர்னுக்கும் ஒரு வில்லாளிகூட வெளியே வரமாட்டார். ஆட்டம் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்: அடுத்தடுத்து இரண்டு அதிசயம், வெறிச்சோடிய எல்லை, பலவீனத்தை மோப்பம் பிடித்த பக்கத்து நாடு. அதனால் வரிசையைக் கட்டடங்களுக்கு விட்டுவிட்டு, படையைத் தங்கம் கொடுத்து வாங்குவதே சரி. மதில் ஒன்று, காம்போசிட் பௌமன் என்ற வில்படை மூன்று நான்கு. இது இருந்த பிறகு அதிசயத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, உள்நாட்டு வணிகம் இல்லை. சொந்த நகரங்களுக்கு இடையே உணவு அனுப்பிக்கொள்ளும் வசதியும், சாலை இணைப்பு வருமானமும் பூஜ்யம். எல்லா வழித்தடங்களும் வெளிநாட்டுக்கே போயாக வேண்டும். ஆகவே யாரோடு போர் மூண்டாலும் வருமானத்தில் ஓட்டை விழும். வணிகம் செய்யும் நாட்டைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

மூன்றாவதைப் பலர் பிந்தித்தான் கவனிக்கிறார்கள். பிற்காலத்தில் நாடு எடுக்கும் அரசியல் சித்தாந்தமான ஐடியாலஜியின் தேர்வு, மூன்று தொழிற்சாலை கட்டினால் கிடைக்கும், இல்லையேல் மாடர்ன் யுகத்துக்குள் நுழைந்தால் கிடைக்கும். ஒரே நகரத்தில் மூன்று தொழிற்சாலை ஏது? ஒரு ஐடியாலஜியை முதலில் எடுக்கும் நாட்டுக்கு 2 டெனெட் (ஐடியாலஜிக்குள் உள்ள கொள்கை) இலவசம், அடுத்து எடுப்பவருக்கு 1. ஆகவே அறிவியலில் முந்தி மாடர்ன் யுகத்தைப் பிடிப்பது ஒன்றே வழி.

நான்காவது அலுமினியம். அறிவியல் வெற்றிக்குக் கட்ட வேண்டிய விண்கலத்துக்கு 3 பூஸ்டர், காக்பிட், எஞ்சின், ஸ்டேசிஸ் சேம்பர் என மொத்தம் 6 பாகங்கள். ஒவ்வொன்றையும் கட்டும்போது கையில் 1 அலுமினியம் இருக்க வேண்டும். 36 கட்டத்துக்குள் அது கிடைப்பது அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அது உள்ள நகர அரசு (ஒரே நகரம் கொண்ட சிறு கணினி நாடு) ஒன்றைக் கூட்டாளியாக்கிக்கொள்ள வேண்டும், அல்லது ரீசைக்ளிங் சென்டர் கட்டி 2 பெற வேண்டும். ஹைட்ரோ பிளான்ட் என்ற நீர்மின் நிலையமும் 1 அலுமினியத்தை விழுங்கும் என்பதை மறந்து அதை முன்னதாகக் கட்டிவிட்டுக் கடைசியில் தவிப்பது சகஜம். ஃப்ரீடம் ஐடியாலஜியில் ஸ்பேஸ் புரொக்யூர்மென்ட்ஸ் என்ற டெனெட்டை எடுத்தால் பாகங்களைத் தங்கத்துக்கே வாங்கலாம். ஒற்றை வரிசை நெருக்கடிக்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

அவ்வப்போது பிறக்கும் சிறப்பு அறிஞர்களான கிரேட் சயின்டிஸ்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வருபவர்களை அகாடமியாக (டர்னுதோறும் அறிவியல் தரும் கட்டம்) மாற்றிவிடுங்கள். பிந்தி வருபவர்களைச் செலவழிக்காமல் நிறுத்தி வையுங்கள். சாதாரண வேகத்தில் ஒரு சயின்டிஸ்ட் தருவது கடந்த 8 டர்ன்களின் அறிவியல் கூட்டுத்தொகை. ரிசர்ச் லேப் கட்டி 8 டர்ன் ஓடிய பிறகு எல்லோரையும் ஒரேயடியாகப் பயன்படுத்தினால், லேப் கட்டுமுன் பயன்படுத்துவதைவிடப் பலன் தெளிவாகக் கூடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எந்தச் சவாலுக்கும் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். விதியை ஆட்டம் தொடங்குமுன் எழுதிவிட வேண்டும். அதிலும் ரீலோடு (சேமித்த பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி ஆடுவது) பற்றிய விதியை முதலில் எழுத வேண்டும். சிவிலைசேஷன் 5-இல் ‘நியூ ரேண்டம் சீட்’ என்றொரு தேர்வு இருக்கிறது. அது அணைந்திருந்தால், பழைய சேவ் கோப்பை ஏற்றி அதே சண்டையை அப்படியே மறுபடி போட்டாலும் அதே முடிவுதான் வரும். இதனால் ரீலோடு செய்து பயனில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சண்டைக்கு முன் வேறொரு படையை நகர்த்தினால், இருவரில் யார் முதலில் தாக்குவது என்பதை மாற்றினால், முடிவும் மாறும். ஆக, தேர்வு எப்படி இருந்தாலும் ‘மின்சாரம் போனாலோ விளையாட்டு முடங்கினாலோ தவிர ரீலோடு கிடையாது’ என்று எழுதிவைப்பதே நேர்மை. நல்ல இடம் கிடைக்கும்வரை வரைபடத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்குவதும் ரீலோடுதான், பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை முறை உருவாக்கலாம் என்பதற்கும் விதியில் ஓர் எண் இருக்க வேண்டும்.

சிறு வீரர் குழுவை வைத்து வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் எக்ஸ்காம்: எனிமி அன்னோன் 2012-இல் வந்தபோது இந்த நேர்மையை விளையாட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள். அயர்ன்மேன் முறையில் ஒரே சேவ்; தானாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும், பின்வாங்க வழியில்லை. இலக்கில் பட 65 சதவீத வாய்ப்புள்ள மூன்று குண்டுகளும் தவறுவதற்கு 4 சதவீதத்துக்கும் சற்று மேல் வாய்ப்பு உண்டு. ஒரு முழு ஆட்டத்தில் அது நடந்தே தீரும். அதனால் அயர்ன்மேன் ஆடத் தெரிந்தவர், ஒரு டர்னின் கடைசி வீரரை இருட்டுப் பகுதிக்குள் ஓடவிடமாட்டார். புதிய வேற்றுக்கிரகக் கூட்டம் கண்ணில் பட்டால் அது உடனே மறைவிடம் தேடி நகர்ந்துவிடும். திருப்பிச் சுட நமக்கு ஆள் மிச்சமிருக்காது. புது இடத்தைத் திறப்பது முதல் வீரரின் வேலை. ஒரே ஒரு சேவ் என்பதில் ஆபத்தும் உண்டு: கோப்பு கெட்டால் முப்பது மணிநேர உழைப்பு போய்விடும். அதனால்தான் பலர் பிரான்ஸ்மேன் என்ற நடுவழியை எடுக்கிறார்கள். ஒரு களத்தை அதன் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம், நடுவில் ஏற்றக் கூடாது. முதல்முறை ஆடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

தாங்கள் தொடங்கும் மூலைக்கு மிகப் பொருத்தமானது இந்த இரண்டும்கூட இல்லை. மாயக்கதைப் படைகளை வைத்து டர்ன் டர்னாக ஆடும் பேட்டில் ஃபார் வெஸ்நோத்தான் அது. 2003 முதல் வெளிவரும் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதில் ‘ஏ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ என்ற தொடக்கநிலைக் கதை நாலே களங்கள் கொண்டது. ஞாயிறு ஒரு நாளில் முடியும். விதி இப்படிப் போடலாம்: முந்தைய களத்தில் பிழைத்த வீரரை அழைக்கக் கூடாது. அழைக்கும் கூலி எந்த நிலை வீரருக்கும் ஒரே 20 பொன்தான் என்பதால், தேறிய வீரரை அழைப்பதே வழக்கமான ஆட்டத்தின் முதுகெலும்பு. அதை உடைத்தால் ஒவ்வொரு களத்திலும் கற்றுக்குட்டிகளை வைத்துத்தான் வெல்ல வேண்டும். நிலத்தைப் பார்த்து நிறுத்துவது, பகலில் 25 சதவீதம் கூடுதலாகத் தாக்கும் லாஃபுல் வகை வீரரை இரவில் முன்னே தள்ளாமல் இருப்பது எல்லாம் அப்போதுதான் கைவரும். ஆட்டம் முடிந்ததும் அதன் முழுப் பதிவு ரீப்ளே கோப்பாகவும் கிடைக்கும். வாசகர்கள் அதை அனுப்பினால் நகர்வு ஒவ்வொன்றையும் சரிபார்க்கலாம். நடுவில் ரீலோடு செய்தார்களா என்பதை மட்டும் அது காட்டாது, அங்கே வாசகரின் வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும்.

இதற்குத் தங்களிடம் கேட்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சதுரங்கப் புதிர் அளவே இடம். விளையாட்டின் பெயரும் பதிப்பு எண்ணும், கடினநிலை, தடை என்ன, ரீலோடு விதி என்ன, எதை முடித்தால் வெற்றி: இந்த ஐந்தும் அச்சாக வேண்டும். பதிப்பு எண் விடுபட்டால் ஒருவர் அனுப்பும் கோப்பு இன்னொருவரிடம் திறக்காமல் போகலாம். அடுத்த இதழில் சிறந்த விடையை, எந்த டர்னில் எந்த முடிவு ஆட்டத்தைத் திருப்பியது என்ற குறிப்போடு வெளியிட்டால் போதும். முதல் நான்கு சவால்களை விதியோடும் விடையோடும் எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருச்சி