சாட்சி சொல்லும் அந்த ஒரு நாள்: தமிழ்நாட்டு விசாரணை நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை மாவட்ட முதன்மை நீதிபதிகளுக்கும், போக்சோ சிறப்பு நீதிமன்றங்கள், மகளிர் நீதிமன்றங்களின் நீதிபதிகளுக்கும்,

வணக்கம்.

பாலியல் வன்முறையிலும் ஆள்கடத்தலிலும் பாதிக்கப்பட்டவர்களுக்காக உங்கள் நீதிமன்றங்களுக்கு வந்துபோகும் வழக்கறிஞர்களும், வழக்கு நெடுகக் கூடவே நின்று துணை செய்யும் ஆதரவு நபர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. புதுச் சட்டம் வேண்டும் என்று கேட்கவில்லை. இருக்கிற சட்டமே போதும். சாட்சி சொல்ல வரும் நாளில், நீதிமன்ற வாசலுக்கும் சாட்சிக் கூண்டுக்கும் நடுவே அது காணாமல் போவதுதான் எங்கள் கவலை. அந்த நாளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

சம்மனில் இருந்தே தொடங்குகிறோம். குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு. அதே குழந்தைக்கு ஆறு மாதம் கழித்துச் சம்மன் கொண்டுபோகும் காவலருக்கு அப்படி எந்தத் தடையும் எழுத்தில் இல்லை. அவர் சீருடையோடு வந்து, தெருமுனைக் கடையில் வீட்டுக்கு வழி கேட்டுவிட்டுத்தான் போவார். அதுவரை தெருவுக்குத் தெரியாதிருந்த சங்கதி அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சம்மனை மூடிய உறையில், சாதாரண உடையில், ஆதரவு நபருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுச் சார்வு செய்ய வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு வரி போனால் போதும். தேதி குறிப்பதற்கு முன் குழந்தைக்குப் பரீட்சை இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பெயர் கூப்பிடுவது. நீதிமன்ற ஊழியரான டவாலி வராந்தாவில் நின்று முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் மூன்று முறை உரக்கக் கூப்பிடுகிறார். மூடிய அறை விசாரணை அந்த நொடியிலேயே அர்த்தமிழக்கிறது. போக்சோ சட்டத்தின் 33(7)ஆம் பிரிவு மறைக்கச் சொல்வது குழந்தையின் பெயரை மட்டும் அல்ல. குடும்பம், பள்ளி, உறவினர், அக்கம்பக்கம் என எதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமோ அத்தனையையும்தான். வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிடாமலே, பெஞ்ச் கிளார்க் ஆதரவு நபரின் கைபேசிக்கு ஒரு அழைப்பு விடுத்தால் இன்னும் நல்லது. வாக்குமூலத்தின் தலைப்பில் ‘அ.சா.1’ (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) என்று மட்டும் இருக்கட்டும். பெயர்க் குறிப்பு முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பில் இருந்தே வெளியானதற்காக, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது நினைவிருக்கும். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் தண்டனை கிடைத்த அதே வழக்கில், சாட்சி சொன்ன பெண்களில் யாரும் பிறழ் சாட்சியாகவில்லை. தைரியம் அவர்களுடையது. ஆனால் பாதுகாப்பான சூழல் இருந்தால் அந்தத் தைரியம் கடைசி வரை நிற்கும் என்பதும் அந்த வழக்கு காட்டிய பாடம்.

எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான வாக்குமூல மையங்களை அமைக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஸ்ம்ருதி துக்காராம் படாடே வழக்கில் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, வீடியோ இணைப்பு எல்லாம் அதில் உண்டு. சில வளாகங்களில் அந்த அறை பூட்டியே கிடக்கிறது. சாவி, நீதிமன்றப் பொருள்களுக்குப் பொறுப்பான நாசர் பிரிவில் இருக்கும் என்பார்கள், நாசர் விடுப்பில் இருப்பார். திறந்திருக்கும் இடங்களிலும் ஒரு சிறு கோளாறு எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. நீதிமன்ற அறையின் கேமரா மொத்த அறையையும் காட்டும்படி மாட்டப்பட்டிருப்பதால், குழந்தை உட்கார்ந்திருக்கும் அறையின் திரையில் குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் தெரிகிறது. எந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தனி அறை கட்டினோமோ, அதையே திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் சாட்சியத்தைக் கேட்கவும் தன் வழக்கறிஞரோடு பேசவும் முடிய வேண்டும். 36ஆம் பிரிவு அதை உறுதி செய்கிறது. குழந்தை அவரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கேமராவை நீதிபதியின் இருக்கையை நோக்கித் திருப்பி வைத்தால் தீர்ந்தது. காலை பத்து மணிக்கு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நிற்கும் இடத்தில் ஓர் ஊழியரை நிறுத்தி, மறு அறையில் இருந்து பார்த்துச் சரிபார்த்துவிடலாம்.

இந்த மையங்கள் குழந்தைகளுக்கு மட்டும் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. 2022 உத்தரவு, வயதோ பாலினமோ பாராமல், பாலியல் வன்முறைக்கு ஆளான எல்லாச் சாட்சிகளையும் சேர்த்திருக்கிறது. கடத்தப்பட்டுச் சீரழிக்கப்பட்ட முப்பது வயதுப் பெண்ணுக்கும் அந்த அறையில் உரிமை உண்டு.

குறுக்கு விசாரணைக்கு வருவோம். அதிகம் நொறுங்குவது இங்கேதான். இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வியை நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும், நீதிமன்றம்தான் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்பது 33(2). கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்கும் முறையை 2004லேயே சாக்‌ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. நடைமுறையில் வழக்கறிஞர் நேராகவே கேட்கிறார். குரல் உயர்ந்தால் மட்டும் நீதிபதி குறுக்கிடுகிறார். ஆனால் குரல் உயராத கேள்வியில்தான் ஆபத்து அதிகம். ஒரு மாதிரியைப் பாருங்கள்: “அன்னைக்கு நீ ஸ்கூலுக்குப் போகல, அம்மாகிட்டயும் சொல்லல, நீயாத்தான் அந்த மாமா வீட்டுக்குப் போன, சரிதானே?” இது மூன்று கேள்வி. முதல் இரண்டும் உண்மை என்பதால் குழந்தை தலையாட்டுகிறது. தட்டச்சாவதோ, ‘நானாகவே எதிரியின் வீட்டுக்குச் சென்றேன் என்றால் சரிதான்’. மேல்முறையீட்டில் இந்த ஒரு வரி போதும். கேள்வியை நீதிபதி வாங்கிப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டால் இது நடக்காது.

‘சம்பவம் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்ற நீதிமன்றத் தமிழும் அப்படித்தான். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த இரட்டை எதிர்மறை விளங்காது. பெரியவர்களுக்கே சில நேரம் விளங்குவதில்லை. தேதி கேட்டால் குழந்தை தடுமாறும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னா பின்னா, மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் சொல்லும். உறுப்புகளுக்குக் குழந்தை வீட்டில் சொல்லும் சொல்லையே அப்படியே பதிய வேண்டும். அதை ‘பிறப்புறுப்பு’ என்று நாகரிகப்படுத்தி எழுதினால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்ற வாதத்துக்கு நாமே வழி திறந்து விடுகிறோம்.

இனி வாய்தா. அரசுத் தரப்பின் முதல் விசாரணை ஒரு நாள், எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை பல மாதம் கழித்து என்றால் இடைப்பட்ட காலம் சமரசம் பேசுபவர்களின் காலம். சாதிப் பெரியவர் வருவார், கல்யாணப் பேச்சு வரும், பணம் வரும். வினோத் குமார் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது இப்படி இருபது மாத இடைவெளியைத்தான். அதன்பின் வக்காலத்து மாறும். புது வழக்கறிஞர் சாட்சியை மறுபடி அழைக்க மனுப் போடுவார். போக்சோ வழக்கில் குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்ற 33(5)ஐ உச்ச நீதிமன்றம் 2024லும் வலியுறுத்தியிருக்கிறது. இதற்கு முன்னேற்பாடுதான் மருந்து. ஆவண நகல்கள் எல்லாம் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகே சாட்சிக்குத் தேதி கொடுங்கள். எதிரிக்கு வழக்கறிஞர் இல்லையென்றால் ஒரு வாரம் முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் நியமியுங்கள். நல்ல எதிர்வாதம் எதிரியின் உரிமை. அன்றைக்கு அந்த ஒரு சாட்சியை மட்டும் பட்டியலில் வையுங்கள். இரண்டு விசாரணையும் ஒரே நாளில் முடியட்டும்.

ஆள்கடத்தல் வழக்குகளில் சிக்கல் வேறு. மீட்கப்பட்ட பெண்ணின் மீதே ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வழக்குப் போட்டு, குற்றவாளியாக நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவது இன்னும் நிற்கவில்லை. அவளுக்காக ஆஜராகும் வழக்கறிஞரை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கேளுங்கள். பாலியல் தொழில் விடுதி நடத்துபவருக்கும் தரகருக்கும் ஆஜராகும் வழக்கறிஞர் அதே வழக்கில் மீட்கப்பட்டவர்களுக்கு ஆஜராகக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது. ‘அத்தை’, ‘சித்தி’ என்று வந்து நிற்பவர்களிடம் ஒப்படைப்பதற்கு முன் வீட்டு விசாரணை அறிக்கை வேண்டும். அதே தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி நடுவருக்கு உதவ ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்துக்கொள்ளலாம். முடிந்தவரை அதில் மூவர் பெண்கள். அந்தக் குழு அமைக்கப்பட்டதாகவே பெரும்பாலும் கேள்விப்படுவதில்லை.

மேற்கு வங்கத்துக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிப் போனவர் சாட்சி சொல்ல இரண்டு நாள் ரயிலில் வர மாட்டார்; வந்தாலும் வேலையை இழப்பார். வேறு மாநிலக் குழந்தைச் சாட்சிகளுக்காக 2022இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த நடைமுறைப்படி, அவர்கள் ஊரின் நீதிமன்ற வளாகத்திலோ சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ ஓர் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில் வீடியோ வழியே சாட்சி சொல்லலாம். வயது வந்தவர்களுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யத் தடை ஏதும் இல்லை. மொழிபெயர்ப்பாளரை மட்டும் காவல் நிலையத்தில் இருந்து அழைக்காதீர்கள். ஒடியா மட்டும் தெரிந்த பெண்ணுக்கு, இந்தி தெரிந்த காவலர் மொழிபெயர்ப்பாளர் ஆகமாட்டார்.

மிரட்டல் இருந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்டக் குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதியே. காவல்துறையின் அச்சுறுத்தல் அறிக்கை ஐந்து வேலை நாளில் வர வேண்டும். விண்ணப்பப் படிவம் எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இழப்பீட்டைத் தீர்ப்பு நாள் வரை தள்ளாதீர்கள். 2020 போக்சோ விதிகளின் 9ஆம் விதிப்படி, முதல் தகவல் அறிக்கை பதிவானதும் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். மனு இல்லாமல் நீங்களாகவும் வழங்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு பணம் தர வேண்டும். எதிரி விடுதலையானாலும் இழப்பீடு உண்டு. உத்தரவில் எந்த வங்கிக் கணக்கு, யார் பாதுகாவலர் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தகப்பனே எதிரியாக இருக்கும் வழக்கில் ‘பெற்றோர்’ என்று மொட்டையாக எழுதினால் வங்கி அவர் கையெழுத்தையே கேட்கும்.

சம்மன், பெயர் அழைப்பு, கேமரா, ஒரே நாள் விசாரணை ஆகிய நான்குக்கும் மாவட்ட நீதிபதியின் சுற்றறிக்கை ஒன்றே போதும். நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு பக்க வரைவை இத்துடன் இணைத்திருக்கிறோம். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்டோருக்காக ஆஜராகும் வழக்கறிஞர்களும் ஆதரவு நபர்களும்